மூடின சிப்பியைத் தேடி ஏலமலைக்கு

போடிநாயக்கனூர் பக்கம் போய்ட்டு வர்றவங்க எல்லாரும் ஏலக்காய் வாசம், மேகம், குளிர் காத்துன்னு எழுதுறாங்க. நல்லா எழுதட்டும். நான் அந்த மலைக்குப் போனது கடல் சிப்பி தேடி. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. அன்னைக்கும் நிறையப் பேர் சிரிச்சாங்க, எனக்கு அது பழகிப்போச்சு.

இது 1950களின் நடுவில் போன பயணம். எனக்கு இப்போ தொண்ணூறு தாண்டிவிட்டது. இந்த வயதில் பயணக் கட்டுரை எழுதக் கூடாதென்று எங்கேயாவது சட்டம் இருந்தால் காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் வேலை. மாணவிகளுக்குத் தவளை அறுக்கக் கற்றுக்கொடுப்பது, கண்ணாடித் தட்டு கழுவுவது, மீதி நேரத்தில் சிப்பி, நத்தை பற்றி நானாக ஏதோ ஆராய்ச்சி. பத்மா என்று ஒரு மாணவி, போடிக்காரப் பெண். ஒரு திங்கட்கிழமை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிப்பி ஓடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "எங்க சித்தப்பா பார்க்கிற ஏலத்தோட்டத்துல சுண்ணாம்புக்கு வர்ற ஓடு டீச்சர். லாரி லாரியா வருது" என்றாள்.

பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. அது உப்புத் தண்ணீரில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு வாழ்கிற சிப்பி. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மலைக்கு மேற்கே வேம்பநாட்டுக் காயலுக்குக் கிழக்கு ஓரத்தில், நெல் வயலுக்கு அடியில் தோண்டி எடுக்கிறார்களாம். கடல் எங்கே, அந்த வயல் எங்கே! நல்ல தண்ணீர் பாய்கிற நெல் வயலுக்கு அடியில் உப்புத் தண்ணிச் சிப்பிக்கு என்ன சோலி?

எனக்கு ஒரு பதில் தெரியும். ரொம்பக் காலத்துக்கு முன்னால் உலகம் சூடாகி, வடக்கே தெற்கே குவிந்து கிடந்த பனி உருகி, கடல் உள்ளே ஏறி வந்தது. கடலோடு சேர்ந்து அதன் குடிகளும் வந்தன. பிறகு கடல் பின்வாங்க, ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி இடத்தை நன்னீராக்க, உப்பு இல்லாமல் வாழ முடியாததெல்லாம் இடம் மாறிப் போய்விட்டன. வீடு காலி செய்து போகிறவர்கள் சுவரில் ஆணியை விட்டுவிட்டுப் போவது மாதிரி, இந்த ஓடுகள் மட்டும் மிச்சம்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, யாரோ கடற்கரையில இருந்து வாங்கிட்டு வந்து தின்னுட்டு ஓட்டை வயல்ல வீசியிருப்பான். இதுக்குப் போயி பனி உருகணுமா?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவருக்காகச் சிரித்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "தின்னவன் திறந்துதானே சார் தின்னிருப்பான்? மூடின சிப்பி கிடைச்சா? ரெண்டு ஓடும் சேர்ந்து, உள்ளே சேறு அடைச்சு, மூடினது மூடினபடி? தின்னவன் திரும்ப மூடி வைப்பானா?" என்றேன்.

"கிடைச்சா கொண்டாங்க" என்றார். "வெறுங்கையோட வந்தீங்கன்னா ஜூன்ல இருந்து தவளை மட்டும் போதும். ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் வேண்டாம்."

பந்தயம் அவ்வளவுதான். ஒரு மூடின சிப்பி. அது இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தவளை.

சித்திரை மாதம், விடுமுறை விட்ட மறுநாளே பத்மாவோடு கிளம்பிவிட்டேன். கல்யாணமாகாத பெண் மலைக்குத் தனியாகவா என்று வீட்டில் கேட்டார்கள். தனியாக இல்லை, பத்மா கூட வருகிறாள் என்றேன். பத்மாவும் கல்யாணமாகாத பெண்தானே என்றார்கள். அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தேன். மதுரையிலிருந்து போடி ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் மேலே. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாக பஸ். கணவாய் ஏறும்போது பஸ் இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தது. போடியில் இறங்கினபோது வெயில் தரையிலிருந்து அடித்தது. பத்மா வீட்டில் அவள் அம்மா போட்ட சோற்றையும் மொச்சைக் குழம்பையும் சாப்பிட்டு, விடிகிறதுக்கு முன்னால் எழுந்து, முந்தல் வரை ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனோம். மலை அங்கேதான் ஆரம்பம்.

இப்போது போகிறவர்கள் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறிவிடுகிறீர்கள். நாங்கள் பொதிக்கழுதைப் பாதையில் நடந்தோம். அரிசி மூட்டை மேலே போகும், ஏலக்காய் மூட்டை கீழே வரும், இரண்டுக்கும் நடுவில் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். மலை உச்சி மேட்டுக்கு எட்டு மைல் என்று கூட வந்த கழுதைக்காரர் சொன்னார். என் கால் பன்னிரண்டு என்றது. "வெரசா வாங்கத்தா, வெயிலு ஏறிப்போச்சுன்னா கழுதையே உக்காந்துரும்" என்று அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

ஆனால் நடந்ததில் ஒன்று கண்டேன், காரில் போனால் இது தெரியாது. அடிவாரத்தில் முள்ளும் கள்ளியும். கொஞ்சம் ஏறினால் அவை ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன, யாரோ கோடு போட்டு இதற்கு மேல் வராதே என்று சொன்ன மாதிரி. பிறகு வேறு மரம், அதற்கும் மேலே பாசி பிடித்த பெரிய மரங்கள், அந்த நிழலில் ஏலம். ஒவ்வொரு உயிருக்கும் இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம் என்று ஒரு கணக்கு. காலநிலை மாறினால் அந்தக் கோடு மேலேயும் கீழேயும் நகரும். கடலுக்குள்ளும் இதே கதைதான், அங்கே கரையோரமாக வடக்கே தெற்கே நகரும், கடல் ஏறினால் உள்ளே வரும். "சிப்பியும் இப்படித்தான் நகர்ந்துச்சு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பத்மாவிடம் சொன்னேன். "முதல்ல நாம நகருவோம் டீச்சர்" என்றாள்.

மேட்டைத் தாண்டி இன்னும் மூன்று மைல் மேற்கே தோட்டம். அது மலையாள ராஜ்ஜியக் கணக்கு, பேச்சிலும் பாதி மலையாளம். தோட்டத்தில் சுண்ணாம்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஏலக்காய் மழையில் அழுகாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தாக அடிப்பார்கள். வெந்த சுண்ணாம்பை லாரியில் கொண்டுவந்தால், வழியில் மழை பட்டதும் கொதித்து லோடே எரிந்துபோகும். அதனால் ஓடாகவே கொண்டுவந்து இங்கேயே காளவாசல் போட்டுச் சுட்டுக்கொள்கிறார்கள். காளவாசல் என்றால் சூளை, மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்மாவின் சித்தப்பா தோட்டத்தின் மேற்பார்வைக்காரர். குள்ளமான, பரபரப்பான மனிதர். "வாங்க டீச்சர், வாங்க! நீங்க வர்றீங்கன்னு பத்மா சொல்லி அனுப்புச்சுல்ல, எல்லாம் ரெடியா வச்சிருக்கோம்" என்று எங்களை உட்காரக்கூட விடாமல் காளவாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓடு தட்டுகிற பெண்கள் ஒரு வரிசையாக எழுந்து நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பேச்சியம்மா, சீர்வரிசை கொண்டுவருகிற மாதிரி ஒரு மூங்கில் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

தட்டு நிறையச் சிப்பி. பெரிது பெரிதாகப் பொறுக்கி எடுத்தது. ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருந்த சேற்றைச் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

"படிச்சவுக வந்து பார்க்கிறாகன்னு மூணு நாளாத் தேச்சோம் டீச்சரம்மா" என்றாள் பேச்சியம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

சேறும் போச்சு, மூடியும் போச்சு, ஓட்டின் மேல் ஒட்டியிருந்ததெல்லாம் புளியில் கரைந்து போச்சு. "ஐயோ, பாழாக்கிட்டீங்களே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பேச்சியம்மாவின் முகம் வாடிப்போனது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "நாங்க என்னத்தக் கண்டோம்" என்று முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். பத்மா என்னை முறைத்தாள். அந்தப் பெண் முறைத்தது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தவளை, தவளை, தவளை.

மிச்ச ஓடுகளில் பார்க்கலாமென்றால், எல்லாம் திறந்து காளவாசலுக்குள் அடுக்கியாகிவிட்டது. மூடின சிப்பியை அப்படியே போட்டால் உள்ளே இருக்கிற ஈரச் சேறு சூட்டில் வெடிக்கும். மண் கலந்த சுண்ணாம்பு மருந்தடிக்கிற குழாயை அடைத்துவிடும். அதனால் மூடினது கண்ணில் பட்டால் முதல் அடி அதற்குத்தான். அதாவது நான் தேடி வந்தது எதுவோ, அதை ஒன்று விடாமல் உடைப்பதுதான் இவர்கள் வேலையே!

"கடைசி லோடு ஒண்ணு காலைல வருது" என்றார் சித்தப்பா. "அதையும் தட்டிப் போட்டு, நாளைக்குச் சாயங்காலம் தீ வச்சிருவோம். மேகத்தைப் பார்த்தீங்கள்ல? தீ பிடிக்கிறதுக்கு முன்னாடி மழை விழுந்துச்சுன்னா இந்த வருசம் மருந்து இல்லை. காயெல்லாம் அழுகிப்போகும்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அநியாயக்காரனோடு சண்டை போடுவது சுலபம்.

காலையில் முதல் காரியமாகப் பேச்சியம்மாவிடம் போனேன். "கத்தினது தப்பு. ஆனா எனக்கு அழுக்குச் சிப்பிதான் வேணும், மூடினது, சேத்தோட" என்றேன். ஏன் என்றாள். தலைவர் சொன்னதைச் சொன்னேன், தின்று வீசினது என்கிறார் என்று. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "யாரு, அந்த ஆளா? அவரு என்னைக்காச்சும் ஒரு சிப்பியத் திறந்திருப்பாரா?" என்றாள். அந்தக் கேள்வியைப் பிறகு நான் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன்.

லாரி வந்தது. டிரைவர் கோட்டயத்துப் பக்கத்து ஆள். லோடு சரிந்து தரையில் கொட்டியதும் நான் அதன் மேல் ஏறினதைப் பார்த்து, "எந்தா டீச்சரே இது!" என்று சிரித்தார். எங்கிருந்து எடுத்தது என்று அழுத்திக் கேட்டேன். வயலுக்கு அடியில், இரண்டு ஆள் ஆழத்தில், கறுப்புச் சேற்றுக்குள் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, தான் கண்ணால் பார்த்தது என்றார். தின்று வீசினவன் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டியா வீசினான்?

சித்தப்பாவோடு ஒப்பந்தம்: வெயில் உச்சிக்கு வருகிற வரை, பெரிய ஓடு எதுவானாலும் என் கை வழியாகப் போன பிறகுதான் சுத்தியல். நானும் பத்மாவும் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தோம். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒரு மணி நேரத்தில் என் விரலெல்லாம் கிழிந்துவிட்டது. எல்லாம் ஒற்றை ஓடு, பாதி ஓடு, நொறுங்கின ஓடு. திடீரென்று பேச்சியம்மா கையில் ஒரு கனமான உருண்டை. "டீச்சர், இது..." என்று சொல்லிக்கொண்டே பழக்க தோசத்தில் டக்கென்று ஒரு போடு போட்டுவிட்டாள். சிப்பி இரண்டாகப் பிளந்து கறுப்புச் சேறு மடியில் கொட்டியது. மூடின சிப்பி!

"கை தானாப் போயிருச்சு. திட்டுங்க டீச்சரம்மா, திட்டுங்க" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவள் சுத்தியலைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உச்சி வேளையில் கையில் இரண்டே இரண்டு. பந்தயத்துக்கு ஒன்று போதும், ஆனால் இரண்டை அந்த மனிதர் தற்செயல் என்று தள்ளிவிடுவார். குவியலில் பாதி அப்படியே கிடந்தது. சித்தப்பா வந்து, "போதும் டீச்சர், இனி வழக்கம்போலத் தட்டி அள்ளிப் போடச் சொல்றேன்" என்றார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் குவியலின் உச்சியில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். "அள்ளுங்க. என்னையும் சேர்த்து அள்ளி உள்ளே போடுங்க. நானும் வெந்து சுண்ணாம்பாப் போறேன்."

"என்ன டீச்சர், சின்னப் பிள்ளையாட்டம்!"

"சின்னப் பிள்ளைதான். இறங்க மாட்டேன்."

பத்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது பேச்சியம்மா எழுந்தாள். "அய்யா, நாங்க சோத்துக்குப் போகல. அந்த நேரத்துல இதைப் பார்த்து முடிச்சிர்றோம். உங்க தீயும் நேரத்துக்குப் பிடிக்கும், இந்தப் பிள்ளையும் எறங்கும்" என்றாள். வரிசை முழுக்க மறுபடி உட்கார்ந்தது. பசியோடு, எனக்காக, நேற்று நான் கத்தின அதே பெண்கள். சித்தப்பா வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மொத்தம் ஆறு கிடைத்தன. ஆறாவது கிடைத்தது பத்மாவுக்கு. அதைக் கழுவாமல், தேய்க்காமல், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் சின்னச் சின்னக் கூம்பாக ஒட்டி வளருமே கொட்டலசு என்கிற உயிர், அது இந்தச் சிப்பியின் இரண்டு ஓடும் சேருகிற விளிம்பில், மேல் ஓட்டில் பாதியும் கீழ் ஓட்டில் பாதியுமாக, தையல் போட்ட மாதிரி குறுக்கே வளர்ந்திருந்தது. உப்புத் தண்ணீர் இல்லாமல் அது வளராது. சிப்பி செத்த பிறகும் ஓடு மூடியே இருந்திருக்காவிட்டால் அந்த இடத்தில் வளராது. நான் போட்ட சத்தத்தில் கழுதைகள் மிரண்டன. பேச்சியம்மா மட்டும், "ஒரு அழுக்குச் சிப்பிக்கா இம்புட்டு?" என்றாள்.

தீ சாயங்காலம் பிடித்தது. மழை மறுநாள், நாங்கள் பாதி மலை இறங்கியபோது வந்தது. அதற்குள் காளவாசல் நன்றாகப் பற்றியிருந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். நான் ஆறு சிப்பியையும் புடவைத் துணியில் சுற்றி மடியில் கட்டியிருந்தேன். பேச்சியம்மா வழியனுப்பும்போது தேய்த்த சிப்பி ஒன்றையும் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஜூனில் கல்லூரி திறந்த அன்றே ஆறையும் தலைவர் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒன்றை எடுத்துக் குலுக்கினார். "சேத்தை நீங்களே அடைச்சு ஒட்டியிருக்கலாம்" என்றார். எதிர்பார்த்ததுதான். ஆறாவதை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, விளிம்பைக் காட்டினேன்.

"இதையும் நான்தான் வளர்த்தேனா சார்?"

பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அன்று அவருக்காகச் சிரிக்க யாரும் இல்லை. "சரி. தவளையும் பாருங்க, இதையும் பாருங்க" என்றார், ஏதோ அவர் எனக்குக் கொடுக்கிற சலுகை மாதிரி. கொடுக்கட்டும். முப்பது வருடத்துக்கு மேல் அதையும் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. இப்போது ரயிலே போடி வரை வருகிறது, மேட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவில் பஸ் போகிறது. வயிறு புரட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கினால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். சித்திரையில் போனாலும் ஒரு சட்டை கூடுதலாக வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, எந்த வளைவில் எந்த மரம் நின்றுபோகிறது என்று பாருங்கள். நான் அன்று பார்த்த கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் எழுதுங்கள். மேலே யாராவது உங்களுக்காக எதையாவது தேய்த்து வைத்திருந்தால், முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பேசுங்கள்.

என் மேசையில் இன்றும் இரண்டு சிப்பி இருக்கிறது. ஒன்று பேச்சியம்மா தேய்த்தது, குங்குமம் லேசாக இன்னும் தெரிகிறது. இன்னொன்று அந்த ஆறாவது, மூடினது மூடினபடி. வீட்டுக்கு வருகிற புத்திசாலிகள் சிலர் அதைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "காலநிலை எப்பவும் மாறிக்கிட்டுதான் இருந்திருக்கு பாட்டி. அப்பவும் உயிரெல்லாம் இடம் மாறிப் பிழைச்சுக்கிச்சுல்ல? இப்ப மட்டும் ஏன் இந்த ஒப்பாரி?" என்கிறார்கள். நான் படித்த பாடத்தை எனக்கே திருப்பிப் படிக்கிறார்கள்!

ஆமாம்ப்பா, இடம் மாறினது. ஆயிரக்கணக்கான வருடம் எடுத்துக்கொண்டு, குஞ்சு குஞ்சாகத் தண்ணீரில் மிதந்து, தலைமுறை தலைமுறையாக அதன் இனம் நகர்ந்து போனது. ஆனால் ஒரு தடவை ஒட்டிக்கொண்ட சிப்பியால் ஓர் அங்குலம்கூட நகர முடியாது. நகர முடிந்ததெல்லாம் போய்விட்டது. உன் கையில் இருக்கிறது நகர முடியாதது. அதைக் கீழே வை.

வைத்துவிடுகிறார்கள்.